மொய் நோட்டில் இல்லாத வாசகர்

கோனாபட்டில் பிறந்த ஒருவர் கோலாலம்பூரில் இருந்துகொண்டு சிறுகதைக்குப் பவுன் கொடுத்தார். திருமயம் வட்டாரத்து நகரத்தார் ஊரிலிருந்து மலாயா போய், 'தமிழ் நேசன்' நாளிதழின் ஆசிரியரான முருகு சுப்பிரமணியன்தான் அவர். 1970களில் மாதந்தோறும் தேர்வாகும் சிறுகதைக்கு ஒரு பவுன் என்று அவர் நடத்திய திட்டத்தை மலேசிய எழுத்தாளர்கள் 'பவுன் பரிசு' என்றே இன்றும் சொல்கிறார்கள். பணமாகவே கொடுத்திருக்கலாம், செலவழிக்க வசதியாகவும் இருந்திருக்கும். ஆனால் தங்கைக்கு இத்தனை பவுன், மகளுக்கு இத்தனை பவுன் என்ற கணக்கோடு கப்பலேறியவர்களின் பிள்ளைகள் எழுதிய கதைகள் அவை. தோட்டத்து லயத்து வீட்டில், பள்ளி ஆசிரியர் குடியிருப்பில், மண்ணெண்ணெய் விளக்கைத் தாமதமாக அணைக்கிற மகனைப் பார்த்து "இதனால உனக்கு என்னடா கிடைக்குது?" என்று கேட்ட அம்மாவுக்குப் புரிகிற பதிலாக அந்தப் பவுன் இருந்திருக்கும். அந்த மனிதர் தம் சனங்களை அறிந்திருந்தார். உறுத்தல் வேறு இடத்தில் இருக்கிறது. பவுன் வாங்கிய அந்தக் கதைகளில் எத்தனை புதுக்கோட்டைக்கு வந்து சேர்ந்தன? கோனாபட்டிலோ பொன்னமராவதியிலோ அவற்றைப் படித்து, நன்றாயிருக்கிறது, நன்றாயில்லை என்று ஒரு வார்த்தை சொன்னவர் யாரேனும் உண்டா?

முருகு சுப்பிரமணியன் போகும்போது வெறுங்கையோடு போகவில்லை. 1947இல் அரு. பெரியண்ணனோடு சேர்ந்து புதுக்கோட்டையில் 'பொன்னி' இதழைத் தொடங்கியவர் அவர். பாரதிதாசன் பரம்பரை என்று இளங்கவிஞர்களை இதழ்தோறும் அறிமுகப்படுத்தி, ஒரு தலைமுறைக்குப் பெயர் வைத்த இதழ் அது. அப்போது புதுக்கோட்டை சமஸ்தானம். 1948 மார்ச் 3இல்தான் இந்திய ஒன்றியத்தோடு இணைந்தது. போர்க்காலத்துக் காகிதக் கட்டுப்பாடு சென்னை மாகாணத்தை இறுக்கிய நாட்களில், சமஸ்தான எல்லைக்குள் ஓர் இதழை நடத்துவது சற்று எளிதாக இருந்தது. கண்ணதாசன் இளம் வயதில் பத்திரிகைத் தொழில் பழகிய 'திருமகள்' இங்கிருந்துதான் வந்தது. இவ்வளவு சிறிய ஊரில் இத்தனை அச்சகங்களும் இதழ்களும் ஓடியதற்குச் சட்டம் ஒரு காரணம். இன்னொரு காரணம் பணம். அந்தப் பணத்தில் பெரும்பகுதி கடலுக்கு அப்பாலிருந்து வந்தது.

அதைப் பணமாக மட்டும் பார்ப்பது போதாது. பொன்னமராவதி பக்கத்து மேலைச்சிவபுரியில் 1909இல் சன்மார்க்க சபை தொடங்கப்பட்டபோது, பண்டிதமணி கதிரேசன் செட்டியாரின் புலமைக்குத் தோள் கொடுத்தவர்கள் வணிகக் குடும்பத்தார். அக்கரையில் ஈட்டியதைக் கோயில் திருப்பணிக்குக் கொடுப்பதுபோலத் தமிழுக்கும் கொடுப்பது அன்றைக்கு இயல்பான காரியமாக இருந்தது. அதே மேலைச்சிவபுரியில் பிறந்த வ.சுப. மாணிக்கம் சிறுவனாகவே ரங்கூனுக்குப் போய்ப் பெட்டியடியில் உட்கார்ந்தவர். முதலாளி உள்ளே இருக்கும்போது இல்லையென்று சொல்லச் சொன்னார்கள், மறுத்தார், வேலை போயிற்று, ஊர் திரும்பித் தமிழ் படித்தார். பின்னாளில் மதுரை காமராசர் பல்கலைக்கழகத் துணைவேந்தரானவரின் தொடக்கம் பர்மாவில் ஒரு வட்டிக்கடை வாசலில் இருக்கிறது. ராயவரத்து வை. கோவிந்தனும் பர்மா போய் வந்தவர்தான். வந்து 1939இல் 'சக்தி' இதழைத் தொடங்கினார். 1957இல் பாரதியார் கவிதைகளை ஒன்றரை ரூபாய்க்கு வீட்டுக்கு வீடு கொண்டுபோய்ச் சேர்த்தார். அவருடைய சக்தி காரியாலயத்தில் வேலை பார்த்த கு. அழகிரிசாமி 1952இல் கோலாலம்பூருக்குப் போய்த் தமிழ் நேசனில் சேர்ந்தார். ராயவரம், ரங்கூன், சென்னை, கோலாலம்பூர் என்று ஒரே நூலில் கோத்துப் பார்க்கும்போது, அன்றைக்கு இந்தப் போக்குவரத்து எவ்வளவு நெருக்கமாக இருந்தது என்பது தெரிகிறது. நாகப்பட்டினத்தில் நின்று போன 'ரஜூலா' கப்பலில் ஆட்களும் மூட்டைகளும் மட்டும் போகவில்லை. இதழ்க் கட்டுகள் போயின, இதழ் நடத்தத் தெரிந்தவர்களும் போனார்கள்.

அழகிரிசாமி போவதற்குச் சற்று முன்பு அதே தமிழ் நேசனில் நடந்த ஒன்றைப் பற்றி மலேசிய இலக்கிய வரலாறு எழுதுகிற யாரும் சொல்லாமல் விடுவதில்லை. சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் 1950–51இல் நடத்திய 'கதை வகுப்பு' அது. ஞாயிறு பதிப்பில் சிறுகதையைப் பற்றிப் பாடம் வரும். படிக்கிறவர்கள் பயிற்சியாகக் கதை எழுதி அனுப்ப வேண்டும். வந்ததைப் படித்துக் குறை நிறை சொல்லித் தரம் பிரிப்பார்கள். சற்று நிறுத்தி யோசிக்க வேண்டிய காட்சி இது. எங்கோ ஒரு தோட்டத்தில், பத்து மைல் சுற்றளவுக்கு இன்னொரு வாசகர் இல்லாத இடத்தில், ஒருவர் எட்டுப் பக்கம் எழுதி அஞ்சலில் சேர்க்கிறார். அதைப் படிக்கப்போகிறவருக்கு இவர் யாரென்று தெரியாது. சொந்தமில்லை, ஊர்க்காரரில்லை, நாளைக்கு இவர் வீட்டு விசேஷத்துக்கு வரப்போகிறவருமில்லை. அவர் கண்முன்னே இருப்பது அந்த எட்டுப் பக்கம் மட்டும். தொடக்கம் தளர்கிறது, இந்த உரையாடல் புத்தகத்தில் படித்தது, உன் தோட்டத்து ஆள் இப்படிப் பேசுவாரா என்று கேட்கிற குரலுக்கு அங்கே இடமிருந்தது. மலேசியச் சிறுகதையில் பின்னால் நிலைத்த பல பெயர்கள் அந்த வகுப்பின் வழியே வந்தவை. அழகிரிசாமி வந்து சேர்ந்த பிறகு இலக்கிய வட்டம் என்று உட்கார்ந்து பேசுகிற கூட்டம் உருவானது. அவர் விருந்தினராக வந்து போனவரல்ல. ஐந்தாண்டுகள் அங்கே இருந்தார், அங்கேயே திருமணம் செய்துகொண்டார், அந்த ஊர் வெயிலையும் மழையையும் அனுபவித்தபடி கதைகளைப் படித்தார். ஒருவர் எழுத்தைக் குறை சொல்லும் உரிமை இப்படிச் சேர்ந்து வாழ்வதிலிருந்தும் வருகிறதோ என்று தோன்றுகிறது.

இன்றைக்குக் கூட்டங்களுக்குக் குறைவில்லை. மலேசியத் தமிழ் எழுத்தாளர் சங்கம் இருக்கிறது. சிங்கப்பூர்த் தமிழ் எழுத்தாளர் கழகம் 1976 முதல் இருக்கிறது. கவிமாலை மாதந்தோறும் கூடுகிறது, வாசகர் வட்டங்கள் நூலக அறைகளில் கூடுகின்றன, ஏப்ரல் முழுவதும் தமிழ்மொழி விழா நடக்கிறது. ஒரு நூல் வெளியீட்டுக்குள் நுழைந்து பார்த்தால் எல்லாம் சீராகத்தான் இருக்கும். வாசலில் மேசை, பன்னீர்ச் செம்பு, அடுக்கிய புத்தகம். தமிழ் வாழ்த்து, வரவேற்புரை, வாழ்த்துரை, இன்னொரு வாழ்த்துரை, தமிழ்நாட்டிலிருந்து வந்த சிறப்பு விருந்தினர், ஏற்புரை. பிறகு ஒவ்வொருவராக மேடையேறி உறையைக் கையில் கொடுத்துப் புத்தகத்தை வாங்கிக்கொண்டு படத்துக்கு நிற்பார்கள். உறைக்குள் இருப்பது புத்தகத்தின் விலையைவிடக் கூடுதலாகவே இருக்கும். அச்சுச் செலவு அதில் தேறிவிடும். அடுத்த மாதம் இன்னொருவர் வெளியிடும்போது இந்த எழுத்தாளர் உறையோடு போவார்.

புதுக்கோட்டைக்காரர் யாரும் இந்த ஏற்பாட்டை அடையாளம் கண்டுவிடுவார்கள். கீரமங்கலம், வடகாடு, கொத்தமங்கலம் பகுதிகளில் ஆடி மாதம் நடக்கும் மொய் விருந்துதான் இது. பந்தலில் கறிச்சோறு, ஒரு பக்கம் வரிசையாக மேசைகள், மேசைக்கு ஒரு நோட்டு, நோட்டில் பெயர், ஊர், தொகை. கூட்டம் பெரிதானால் பணம் எண்ணும் இயந்திரம். வாங்கியதற்கு மேல் ஒரு பங்கு கூட்டித் திருப்பிச் செய்ய வேண்டும். அந்த நோட்டுதான் இங்கே பலருக்கு ஆழ்குழாய்க் கிணறாகவும் கடையாகவும் கல்லூரிக் கட்டணமாகவும் மாறியிருக்கிறது. வங்கி கடன் கொடுக்காத சனத்துக்கு ஊரே வங்கியாக நின்ற வழக்கம் அது. அதை மதிக்காமல் இந்த மாவட்டத்தைப் புரிந்துகொள்ள முடியாது. அதேபோலத் தமிழ்ப் புத்தகத்துக்குச் சந்தையே இல்லாத ஊரில் புத்தகம் வருவதற்கு அந்த உறைகள்தான் காரணம் என்பதையும் மறுக்க முடியாது. சிக்கல் என்னவென்றால், பணத்தைத் திருப்பிச் செய்வதுபோலப் பாராட்டையும் திருப்பிச் செய்ய வேண்டியிருக்கிறது. உன் கவிதையைப் பற்றி நான் சொன்னது என் கவிதையைப் பற்றி நீ சொல்லப்போவதில் வரவு வைக்கப்படுகிறது. ஐந்நூறு தமிழ் வாசகர்கள் ஒருவரையொருவர் அறிந்திருக்கும் நகரத்தில், ஒருவர் கதையைக் குறை சொல்லிவிட்டு அடுத்த ஞாயிறு சிங்கப்பூரின் தேக்கா சந்தையில் அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். யாரையும் குற்றம் சொல்வதற்கில்லை. புதுக்கோட்டையில் நடக்கும் வெளியீடுகளும் பெரும்பாலும் இப்படித்தான் நடக்கின்றன. ஆனால் இங்கே மேடைக்கு வெளியே முகம் தெரியாத வாசகர் ஒருவர் எங்கோ இருக்கிறார் என்ற நம்பிக்கையாவது மிச்சமிருக்கிறது. அங்கே அந்த வாசகர் எங்கிருந்து வருவார்?

ஊரிலிருந்து வரலாம். வரவேண்டியது ஊரிலிருந்துதான் என்றுகூடச் சொல்லத் தோன்றுகிறது. சொன்ன உடனே ஒரு தயக்கமும் வருகிறது. மூன்றாம் தலைமுறையாகச் சிரம்பானிலோ சுங்கைப்பட்டாணியிலோ பிறந்து வளர்ந்து எழுதுகிற ஒருவருக்குப் புதுக்கோட்டையின் அபிப்பிராயம் எதற்கு? அவர் இங்கிருந்து போனவரல்ல, அவருடைய நாடு அது. தாய்த்தமிழகம் தீர்ப்புச் சொல்லும், கிளை கேட்டுக்கொள்ளும் என்ற பழைய மனப்பான்மை அங்குள்ள எழுத்தாளர்களைப் போதுமான அளவுக்குக் காயப்படுத்தியிருக்கிறது. மூன்று நாள் பயணத்தில் வந்து, ஒரு புத்தகத்தையும் படிக்காமல், இங்கே இலக்கியம் இன்னும் வளரவில்லை என்று சொல்லிவிட்டு விமானம் ஏறிய விருந்தினர்களைப் பற்றி அங்கே ஆளுக்கொரு கதை வைத்திருக்கிறார்கள். எனவே ஊர் நீதிபதியாக வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. ஊர் வாசகராக வேண்டும் என்பதுதான் கேள்வி. இரண்டுக்கும் நடுவிலுள்ள தூரம் பெரியது. வாசகர் முதலில் புத்தகத்தை முடித்தாக வேண்டும்.

பெருங்களூரில் பிறந்த அகிலன் மலேசியா போய் வந்து, ரப்பர்த் தோட்டத்து வாழ்க்கையை வைத்து 'பால்மரக் காட்டினிலே' எழுதினார். ஞானபீடம் பெற்றவர் எழுதியது என்பதால் அது தமிழ்நாடு முழுவதும் படிக்கப்பட்டது. தோட்டத்துத் தமிழரைப் பற்றி இங்குள்ள பலருக்குத் தெரிந்ததெல்லாம் அந்த நாவல் வழியாகத்தான். அதில் தவறில்லை. போய்ப் பார்த்து அக்கறையோடு எழுதினார். ஆனால் அந்தத் தோட்டங்களிலேயே பிறந்தவர்கள் எழுதியது இதே அளவு பயணம் செய்யவில்லை. சீ. முத்துசாமியின் 'மண்புழுக்கள்' பேசுவதும் தோட்டத்தைத்தான். பல பத்தாண்டுகளாக எழுதிக்கொண்டிருந்தவரை இங்கே பரவலாகக் கவனித்தது 2017இல் விஷ்ணுபுரம் விருது கொடுக்கப்பட்டபோதுதான். வெளியிலிருந்து பார்த்தவரின் கண்ணையும் உள்ளே இருந்தவரின் கண்ணையும் அருகருகே வைத்துப் படிக்கிற வாய்ப்பு, அகிலன் பிறந்த மாவட்டத்துக்கு மற்ற எந்த ஊரையும்விட அதிகம் பொருந்தும். அப்படி ஒரு வாசிப்பு பெருங்களூரில் நடந்தால் அகிலனுக்கும் அது மரியாதைதான்.

இதுவரை பேசியதெல்லாம் குடியுரிமையும் நூலக அட்டையும் உள்ளவர்களைப் பற்றி. இன்றைக்குப் புதுக்கோட்டையிலிருந்து போகிறவர் வேறு ஆள். நள்ளிரவில் திருச்சி விமான நிலைய வாசலில் நிற்கும் வேன்களைப் பார்த்தால் தெரியும். அறந்தாங்கி, ஆலங்குடி, கந்தர்வகோட்டை என்று கண்ணாடியில் எழுதியிருக்கும். கயிறு கட்டி, பெயரும் எண்ணும் மார்க்கரில் எழுதிய அட்டைப்பெட்டியோடு இருபத்து மூன்று வயதுப் பையன் இறங்குவான். ஏஜென்ட் காசுக்கு அடகு வைத்தது அம்மாவின் தோடு. கப்பல் பட்டறையிலும் கட்டடத்திலும் வேலை, லாரியின் பின்புறத்தில் பயணம், டார்மிட்டரியில் இரட்டை அடுக்கு இரும்புக் கட்டில். மேல் கட்டிலில் படுத்து, முகத்துக்கு நேரே போனைப் பிடித்து, கட்டை விரலால் தமிழில் தட்டிக் கவிதை எழுதுகிறவர்கள் அவர்களிலும் இருக்கிறார்கள். சிங்கப்பூரில் 2014இல் தொடங்கிய புலம்பெயர் தொழிலாளர் கவிதைப் போட்டி முதலில் வங்காளத் தொழிலாளர்களுக்காக நடந்து, பிறகு தமிழுக்கும் பிற மொழிகளுக்கும் விரிந்தது. கதை வகுப்பு, பவுன் பரிசு என்று இவ்வளவு பழைய மரபு இருந்தும், தொழிலாளியைக் கவிஞராக மேடையேற்றுகிற காரியத்தில் வங்காளத்தார் முந்திக்கொண்டது யோசிக்க வைக்கிறது. சங்கக் கூட்டத்துக்கு வர வேண்டாமென்று யாரும் அவர்களைத் தடுக்கவில்லை. கூட்டம் நடக்கும் சனிக்கிழமை மாலையில் அவர்களுக்கு ஓவர்டைம் இருந்தது. வந்தாலும் முழுக்கை சட்டைக்காரர்களுக்கு நடுவே எங்கே உட்காருவது என்ற கூச்சம் இருந்தது.

2013 டிசம்பர் 8 இரவு சிங்கப்பூரின் லிட்டில் இந்தியாவில், ஞாயிற்றுக்கிழமை முடிந்து டார்மிட்டரிக்குத் திரும்பும் தொழிலாளர்களை ஏற்றிச் செல்லும் பேருந்தின் சக்கரத்தில் சிக்கி ஒருவர் இறந்தார். புதுக்கோட்டை மாவட்டத்துக்காரர். அதையடுத்து மூண்ட கலவரம் உலகச் செய்தியாயிற்று. விசாரணைக் குழு அமர்ந்தது, மது விற்பனைக்குக் கட்டுப்பாடு வந்தது, பலர் திருப்பி அனுப்பப்பட்டார்கள். செய்தியாளர்கள் அவருடைய கிராமத்துக்கு வந்து வீட்டைப் படம் பிடித்துக்கொண்டு போனார்கள். இவ்வளவு பக்கங்கள் எழுதப்பட்டன. ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை எப்படித் தொடங்கியது, காலையில் யார் யாரைப் பார்க்கத் தேக்காவுக்குப் போனார்கள், எந்தக் கடையில் சாப்பிட்டார்கள், ஊருக்கு எவ்வளவு அனுப்பினார்கள், மாலையில் பேருந்து வரிசையில் நிற்கும்போது என்ன பேசிக்கொண்டார்கள் என்பதைச் செய்தியால் சொல்ல முடியாது. அதைச் சொல்லக்கூடியவர்கள் அந்த வரிசையில் நின்றவர்கள். அவர்கள் எழுதினால் படிக்கக் காத்திருக்கும் ஊர் ஒன்று வேண்டும். வெளிநாட்டில் இருப்பவரிடம் இந்த மாவட்டம் கோயில் கும்பாபிஷேகத்துக்கும் பள்ளிக் கட்டடத்துக்கும் கை நீட்டியிருக்கிறது. 2018 கஜா புயலில் தென்னை மொத்தமும் சாய்ந்தபோது அவர்கள் அனுப்பியது ஊருக்குத் தெரியும். எழுதியதை அனுப்பு என்று மட்டும் யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. கோடாலித் தைலமும் மைலோ டப்பாவும் வருகிற பெட்டியில் புத்தகம் ஏன் வருவதில்லை என்று கேட்பதற்கு முன்னால், வந்தால் வாங்கி வைக்க இங்கே யார் இருக்கிறார்கள் என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

இருக்கிறார்கள் என்பதுதான் வருத்தத்தைக் கூட்டுகிறது. கிருஷ்ணமூர்த்தி–டோரதி தம்பதியர் சொந்த உழைப்பில் உருவாக்கிய ஞானாலயா ஆய்வு நூலகம் புதுக்கோட்டையில் இருக்கிறது. ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட நூல்களும், அரிய முதற்பதிப்புகளும், வேறெங்கும் எளிதில் கிடைக்காத பழைய இதழ்களும் கொண்ட இடம். வெளிநாட்டு ஆய்வாளர்கள் தேடி வருகிறார்கள். வீதி கலை இலக்கியக் களம் மாதந்தோறும் கூடுகிறது, புத்தகத் திருவிழாவுக்குக் குடும்பம் குடும்பமாக வருகிறார்கள், எழுத்தாளர் கந்தர்வன் வாழ்ந்து எழுதிய ஊர் இது. சிங்கப்பூரில் 1965 முதல் ஐம்பதாண்டுகளில் வந்த தமிழ் இலக்கிய நூல்கள் சுமார் 350ஐ அங்குள்ள தேசிய நூலகம் மின்வடிவில் சேர்த்து 2015இல் எல்லாருக்கும் திறந்துவிட்டது. இனி கப்பலுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. அறந்தாங்கியில் உட்கார்ந்து இன்றைக்கு மாலையே படிக்கலாம். தடை தூரத்தில் இல்லை, பழக்கத்தில் இருக்கிறது.

எதிலிருந்து தொடங்குவது என்று கேட்டால் ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்' என்ற நாவலைச் சொல்லலாம். ஜப்பானியர் 1942–43இல் போட்ட 415 கிலோமீட்டர் பாதைக்காக மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்களைக் கொண்டுபோனார்கள். காலராவிலும் பசியிலும் செத்தவர்களுக்கு முழுமையான பெயர்ப் பட்டியல் கிடையாது. எந்த ஊரிலிருந்து போனவர்கள் என்ற கணக்கும் கிடையாது. சண்டைக்கு முன்னால் மலாயா போய்க் கடிதம் நின்றுபோன தாத்தா, பெரியப்பா என்று இந்தப் பக்கத்துக் குடும்பங்களில் இன்னும் பேசுகிறார்கள். எந்தத் திதியில் படையல் போடுவதென்று தெரியாமல் ஆடி அமாவாசைக்குச் சேர்த்துக் கும்பிடுகிற வீடுகள் இருக்கின்றன. அந்த நாவலை ஆலங்குடியிலோ திருமயத்திலோ ஒரு மாதக் கூட்டத்தில் பத்துப் பேர் முழுதாகப் படித்துவிட்டு வந்து பேசட்டும். இந்த அத்தியாயம் நம்பும்படி இல்லை என்று ஒருவர் சொல்லட்டும். எங்க அம்மாச்சி சொன்னது வேற மாதிரி என்று இன்னொருவர் எழுந்திருக்கட்டும். பேசியதை அப்படியே எழுதி, வாழ்த்துச் செய்தி எதுவும் சேர்க்காமல், கோலாலம்பூரில் கூடுகிறவர்களுக்கு அனுப்பி வைக்கட்டும்.